ரெண்டு விசில்

சன்னலோரம் நீங்களே உக்காருங்க, எனக்கு வேண்டாமுங்க. இந்த ரோட்டுல முப்பத்தோரு வருசம் நின்னுட்டே போனவனுங்க நானு. சத்தியமங்கலம் டூ கோயமுத்தூர், கோயமுத்தூர் டூ சத்தி. நடுவுல அஞ்சு வருசம் திம்பம் மலை மேல மைசூர் பஸ்ஸு. கண்டக்டர் சென்னியப்பன்னு சொல்லிப் பாருங்க, புளியம்பட்டியில இன்னமும் யாராவது டீ வாங்கித் தருவாங்க. நீங்க எங்க எறங்கறீங்க? கோயில்பாளையமா? அப்ப நெறைய நேரம் இருக்குதுங்க.

ஓடற பஸ்ஸுல என்னைய உக்கார வெச்சா வாயி சும்மா இருக்காதுங்க. தப்பா நெனைக்காதீங்க. நான் அமெரிக்கா போயிட்டு வந்து பன்னண்டு நாளாச்சு. பாக்கறவங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லியாச்சு, புதுசா கேக்கறதுக்கு ஆளில்லை.

ஊரு பேரு பாய்சி. நியூயார்க்குமில்ல, நீங்க டிவில பாக்கறதுமில்ல. மலையடிவார ஊரு. நம்ம ஈரோட்டளவுக்குக்கூட சனமிருக்காது. புறப்படறதுக்கு முன்னால பஸ் ஸ்டாண்டுல எங்க செட்டு கண்டக்டர் ஒருத்தன் கேட்டான், மக எங்க இருக்குதுன்னு. பாய்சின்னேன். “போயாச்சா? எங்கீங்க போயாச்சு?”ங்கறான். அட போயாச்சு இல்லப்பா, பாய்சி, பாய்சி. கடேசி வரைக்கும் அவன் காதுல போயாச்சுன்னுதான் விழுந்துச்சு. ஒரு வகையில சரிதானுங்க. எட்டு வருசமா போயாச்சுதான்.

என்ற மக பேரு கோகிலா. ஒரே புள்ளைங்க. அவ பன்னண்டாவது படிக்கறப்பவே அவ அம்மா தவறிட்டா. அப்பறம் நானும் அவளுந்தான். டூட்டிக்குப் போறப்ப நானு, காலேஜுக்குப் போறப்ப அவ, மாத்தி மாத்திச் சொல்லுவோம், போயிட்டு வர்றேன்னு. நம்ம பக்கம் வேற எப்புடிச் சொல்லுவோம்? எதிர்கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் போயிட்டு வர்றேன்தான். எழவூட்டுலதான் சொல்லிக்காம எந்திரிச்சு வருவோம். அப்பேர்ப்பட்ட எனக்கு, என்ற மக, எட்டு வருசத்துக்கு முன்னால, மூஞ்சிக்கு நேரா, போறேன்னு சொல்லிப்போட்டா.

போறேன். அவ்வளவுதான். வர்றேன் இல்லை.

நீங்களே சொல்லுங்க, சொல்லலாமா?

என்ன நடந்துச்சுன்னா, அவளுக்கு இங்க சரவணம்பட்டியிலயே கம்பெனில வேலை வந்திருச்சு. வேண்டாம், அமெரிக்காவுல மேப்படிப்புப் படிக்கறேன்னா. “போறதுன்னா போ”ன்னேன். தடுக்கலீங்க நானு. மூணு மாசம் சரியாப் பேசல, அது வேற. ஆனா தடுக்கல.

போற நாளு அவ மாமன் கார் கொண்டாந்தான். இவ என்ன பண்ணுனா, பொட்டியெல்லாம் கார்ல ஏத்தி மாமன முன்னால அனுப்பிச்சுட்டு, நான் அப்பா பஸ்ஸுல வர்றேன்னு வந்து ஏறிட்டா. எனக்கு அன்னைக்கு டூட்டி. லீவு கேட்டிருந்தாக் குடுத்திருப்பாங்க. எதுக்குக் கேக்கோணும்? போறது அவ. எல்லாரு மாதிரியும் ஒரு டிக்கெட்டக் கிழிச்சுக் கையில குடுத்தேன். சத்தியில இருந்து சரவணம்பட்டி வரைக்கும் நான் முன்னாடி படிக்கட்டுக்கும் பின்னாடி படிக்கட்டுக்கும் நடக்கறேன், அவ என்னையவே பாத்துட்டு வர்றா. கூட்டமுங்க அன்னைக்கு, பேச எங்க நேரம்?

சரவணம்பட்டியில எறங்குனா. அங்கிருந்து காளப்பட்டி வழியா ஆட்டோ புடிச்சா ஏர்போர்ட்டு. எறங்கி, திரும்பி நின்னு, என்ற மூஞ்சியப் பாத்து போறேன்னா. நான் ரெண்டு விசிலு ஊதுனேன். ஒரு விசிலு நிறுத்தறதுக்கு, ரெண்டு விசிலு போறதுக்கு, உங்களுக்குத் தெரியாததா? பஸ்ஸு எடுத்திருச்சு. அவ்வளவுதான் நடந்தது.

அதுக்கப்பறம் வாரா வாரம் போன் பண்ணுவா. பேசுவோம். தீபாவளி வந்தா, பொங்கல் வந்தா, “நான் வரட்டுமாப்பா?”ன்னு கேப்பா. வரட்டுமான்னு கேக்கறவகிட்ட என்னத்தச் சொல்றது? வர்றேன்னு சொல்லோணும். உன்ற இஷ்டம்னுட்டேன். ஒவ்வொரு தாட்டியும் அதுதான் சொன்னேன். அவளும் வரல. பாத்தீங்களா அழுத்தத்த?

இந்த வருசம் அவளே டிக்கெட்டு அனுப்பிச்சுட்டா, ஒன்றரை மாசம் இருந்துட்டுப் போங்கன்னு. நான் எங்க செட்டு ஆளுககிட்டச் சொல்லிட்டுத்தான் பொறப்பட்டேன். அந்தப் புள்ள வாயால வர்றேங்கற ஒரு வார்த்தையக் கேக்காம இந்தச் சென்னியப்பன் திரும்பமாட்டான்னு.

செப்டம்பர் மாசம் போய் எறங்குனேன். நெலம் பூராக் காஞ்சு கெடக்குது, மலையெல்லாம் பழுப்பு. என்னம்மா, நம்ம தாளவாடிப் பக்கம் மாதிரி இருக்குதுன்னேன், சிரிச்சா. ஆனா ஊருக்குள்ள அப்புடி இல்லீங்க. நடு ஊருல ஆறு ஓடுது. தண்ணி பளிங்கு மாதிரி. லாரி டியூபாட்டம் ஒண்ண மெதக்க விட்டு, அதுமேல பெரிய பெரிய மனுசங்க காலத் தொங்கப்போட்டுப் படுத்துட்டு ஆத்தோட போறாங்க. எங்க போறாங்கன்னு கேட்டேன். எங்கயுமில்லப்பா, சும்மா போறாங்கன்னா. காலைல குளிரு, மத்தியானம் வெயிலு, ஏழரை மணிக்கும் பொழுது எறங்க மாட்டேங்குது. நான் போன ரெண்டாவது வாரம் மரமெல்லாம் ஒவ்வொண்ணா மஞ்சளாக ஆரம்பிச்சுது. ஒரே மரத்துல ஒரு கெளை மட்டும் மஞ்சளா நிக்கும்.

டவுன் பஸ்ஸு இருக்குதுங்க. மொத நாளே ஏறிட்டேன், வுடுவனா? கண்டக்டரே இல்லை! டிரைவர் மட்டும் உக்காந்துட்டு ஓட்டறாரு. மொத்தம் நாலு பேரு. சைக்கிள்ல வந்தவன் சைக்கிள பஸ்ஸுக்கு முன்னால மாட்டிட்டு ஏறறான். எறங்கறவன் ஒவ்வொருத்தனும் டிரைவருக்கு நன்றி சொல்லிட்டுத்தான் எறங்கறான். எனக்கு முப்பத்தோரு வருசத்துல எத்தன பேரு நன்றி சொன்னாங்கன்னு ஒரு கையில எண்ணிருவேன். ஒரு ஸ்டாப்புல எல்லாரும் ஏறுனதுக்கப்பறமும் வண்டி நிக்குது. என்ற வாயி சும்மா இருக்காம “போலாம் ரைட்”னுருச்சு. டிரைவர் திரும்பிப் பாத்தாரு. வண்டிய எடுத்துட்டாருங்க, சத்தியமா!

சரி, விசயத்துக்கு வர்றேன். பக்கத்து வீட்டுல லைல்னு ஒருத்தரு. எழுவத்தி மூணு வயசு. சம்சாரம் போயி ரெண்டு வருசமாச்சு, தனியா இருக்காரு. அவர் மரத்து ஆப்பிள் வேலிக்கு இந்தப் பக்கம் கொட்டிக் கெடந்துச்சு. வீணாப் போகுதேன்னு ஒரு பக்கெட்டுல பொறுக்கிக் கொண்டுபோய்க் குடுத்தேன். உள்ள வாங்கன்னாரு. அவரு என்ன உத்தியோகம் பாத்தாருன்னு நெனைக்கறீங்க? ஸ்கூல் பஸ் டிரைவர்! மலை ரோட்டுல, பனியில, இருவத்தெட்டு வருசம். எனக்கு இங்கிலீசு அரைகொறை, அவருக்குத் தமிழ் சுத்தம். ஆனா டிரைவரும் கண்டக்டரும் ஒண்ணாச் சேந்தா பாசை எதுக்குங்க? நான் திம்பத்துக் கொண்டை ஊசி வளைவு இருவத்தேழையும் கையில சுத்திக் காட்டுனேன். அவரு ஸ்டீரிங் புடிச்ச மாதிரி கூடவே சுத்துனாரு.

நாலரை மணி இருக்கும், எந்திரிச்சேன். நம்ம பழக்கத்துல கையக் கும்பிட்டு, “ஐ கோ அண்ட் கம்”னேன். போயிட்டு வர்றேன், அவ்வளவுதானே. அவரு, எத்தன மணிக்குன்னு கேட்டாரு. எனக்கு வெளங்கல. சும்மா மரியாதைக்குக் கேக்கறாருன்னு நெனச்சு, சீக்கிரம் சீக்கிரம்னு கையக் காட்டிட்டு வந்துட்டேன்.

ஏழு மணிக்கு எங்க ஊட்டுக் கதவைத் தட்டறாங்க. லைலு நிக்கறாரு. மூஞ்சி வெளுத்துப் போச்சு. மககிட்ட, உங்கப்பா வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரே, இன்னும் காணமே, வழி தப்பிட்டாரா, ஒடம்புக்கு எதாவதான்னு கேக்கறாரு. பாவம் மனுசன் உருளைக்கிழங்குல பாலு ஊத்தி என்னமோ சூப்பு வெச்சு, ரெண்டு தட்டு எடுத்து வெச்சு, ரெண்டரை மணி நேரமா வாசலப் பாத்துட்டு உக்காந்திருந்திருக்காரு.

கோகிலா சிரிச்சா பாருங்க. வயித்தப் புடிச்சுட்டு, செவுத்துல சாஞ்சு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அப்பறம் அவருக்கு இங்கிலீசுல வெளக்கிச் சொன்னா. சொல்லச் சொல்ல சிரிப்பு கொறைஞ்சுட்டே வந்துச்சு. கண்ணத் தொடச்சுட்டு எங்கிட்டத் திரும்பி, “அப்பா, இங்க போயிட்டு வர்றேன்னு சொன்னா வரோணும். சொன்ன வார்த்தைய நம்பி ஒருத்தர் உக்காந்திருப்பாங்க”ன்னா.

பாத்தீங்களா, எனக்குப் பாடம் எடுக்கறா! அவ ஒரு போறேன்னு சொல்லிட்டு எட்டு வருசம் வராதவ. செருப்பப் போட்டுட்டு லைலோட போயி அந்தச் சூப்பக் குடிச்சுட்டு வந்தேன். உப்பே இல்லீங்க. ஆனா ரெண்டு தாட்டி வாங்கிக் குடிச்சேன்.

அன்னையிலிருந்து தெனமும் பொழுதோட அவரு ஊட்டுலதான் இருப்பேன். வெளிய வர்றப்ப அவரு கேப்பாரு, கோ அண்ட் கம்மா? எத்தன மணிக்கு? நாளைக்கு நாலுக்கும்பேன். நாலுக்குப் போயிருவேன். அந்தாளு தபால் பொட்டி வரைக்கும் நடந்தாக்கூட எனக்குக் கேக்கற மாதிரி “கோ அண்ட் கம்!”னு கத்திட்டுப் போவாரு. ஆயுத பூசைக்கு அவரு பழைய வண்டிக்குப் பொட்டு வெச்சு, டயருக்கடியில எலுமிச்சங்கா வெச்சோமுங்க. அந்த ஊருல எல்லாரு வாசல்லயும் பூசணிக்காயி வெச்சிருக்காங்க, செலது மூஞ்சியே செதுக்கி. நம்மள மாதிரியே கண்ணேறு பாக்கறவங்கன்னு நெனச்சு ஒண்ண எடுத்துச் சுத்தி ரோட்டுல போட்டு ஒடைச்சுட்டேன். லைலு ஒரு நிமிசம் பாத்தாரு. உள்ள போயி வெளக்கமாறு எடுத்துட்டு வந்தாரு. அது அவரு பேத்தி செதுக்குன பூசணின்னு அப்பறந்தான் தெரிஞ்சுது.

ஆனா வந்த காரியம் நடக்கல பாருங்க. தெனமும் காலைல அவ வேலைக்குப் பொறப்படறப்ப வாசல்ல போயி நின்னுக்குவேன். “எங்க போற அம்முணி?” “ஆபீஸ்க்குப்பா.” “போயிட்டு?” “வேலை செய்வேன்.” “செஞ்சுட்டு?” “அப்பா, லேட்டாகுது, பை!” இப்புடியே நாப்பது நாளு. பைங்கறா, சரிங்கறா, கதவப் பூட்டிக்கங்கங்கறா. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரமாட்டேங்குது.

கெளம்பறதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னால மலைக்குக் கூட்டிட்டுப் போனா. ரோடு என்னமோ மலை ரோடுதான், ஆனா வளைவெல்லாம் சுகமா வளையுது, ஒருத்தரும் வாந்தியெடுக்கல. இதெல்லாம் ஒரு மலையான்னேன். மேல ஒரு எடத்துல வண்டிய நிறுத்துனா. வெள்ளைத் தண்டு மரமுங்க, மலைச்சரிவு பூராவும். எல கொள்ளை மஞ்சளு. காத்தடிச்சா எல்லா எலையும் ஒரே நேரத்துல படபடங்குது. பாத்துட்டே இருந்தேன். மனசு கொஞ்சம் எளகி இருந்துச்சு போல, கேட்டுட்டேன். “ஏஞ்சாமி அன்னைக்கு போறேன்னு சொன்ன?”

அவ என்னையவே பாத்தா. “எதை?”ன்னா.

“சரவணம்பட்டியில. எறங்கறப்ப. போறேன்னுதானே சொன்ன?”

“இத்தன வருசமா இதுக்குத்தான் கோபமா?”ன்னா. எனக்குக் கோபமெல்லாம் இல்லைன்னேன். அப்பறம் மெதுவாச் சொன்னா. “போயிட்டு வர்றேன்ப்பான்னுதான் சொன்னேன். போ-ங்கறப்பவே நீங்க விசில் ஊதிட்டீங்க.”

இது எப்புடி இருக்குது? விசிலு மேல பழி! எத்தன ஆயிரம் பேர எறக்கி விட்டிருப்பேன் நானு. எறங்கறவங்க பேசறது கண்டக்டருக்குக் கேக்காதா? சரி, கேக்காதுதான், எல்லா நேரமும் கேக்காது. ஆனா பெத்த அப்பனுக்கு மக பேசறது கேக்காதுங்களா? அவ கார விட்டு எறங்கி, இருவது அடி தள்ளிப் போயி அந்த மஞ்ச மரத்துக்கடியில நின்னுட்டா. “விசில் வெச்சிருக்கீங்கல்ல? இப்ப ஊதுங்க. நான் அதே மாதிரி சொல்றேன். கேக்குதான்னு பாருங்க”ன்னு கத்தறா.

விசிலு பொட்டியில இருக்குது, ஊட்டுல இருக்குதுன்னுட்டேன்.

பாக்கெட்டுலதானுங்க இருந்துச்சு. இந்தா, இதுதான், சாவிக்கொத்துலயே கெடக்குது பாருங்க. ரிட்டையராயி மூணு வருசமாச்சு, இன்னமும் கூடவே வெச்சிருக்கேன். ஏனோ எடுக்கத் தோணல. காத்து வேற அடிச்சுட்டு இருந்துச்சு. அவ அங்கயே நின்னுட்டு இருந்தா, அப்பறம் வந்து வண்டிய எடுத்தா.

பொறப்படற அன்னைக்கு லைலும் ஏர்போர்ட்டுக்கு வந்தாரு, ஒரு பை நெறைய ஆப்பிளோட. ஆப்பிள உள்ள விடமாட்டாங்கன்னு சொன்னாலும் கேக்கல. அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. போறது நானுங்க! போறவந்தானே போயிட்டு வர்றேன்னு சொல்லோணும்? இருக்கறவ எப்புடி வர்றேன்னு சொல்லுவா? நாப்பது நாளு வாசல்ல நின்னதெல்லாம் போக, கடேசில என்ற முறை வந்து நிக்குது. சரி, நாம பெரியவங்க, நாம விட்டுக்குடுப்போம்னு, அவ தலையில கைய வெச்சு, “போயிட்டு வர்றேன் சாமி”ன்னேன்.

போயிட்டு வாங்கன்னுதானே சொல்லோணும்? அதானே முறை?

“எப்பப்பா?”ன்னா.

எட்டு வருசத்துல நான் அந்தப் புள்ளையப் பாத்து ஒரு தாட்டி கேட்டிருக்கலாமுங்க, எப்ப வர்ற அம்முணின்னு. கேக்கல. லைலு சிரிக்கறாரு, வாட் டைம், வாட் டைம்ங்கறாரு. அவ சிரிக்கல. கையில ஆப்பிள் பையப் புடிச்சுட்டு, பதிலுக்கு நிக்கறா. வரிசை நகந்திருச்சு, பின்னாடி ஆளுக வர்றாங்க. ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டேன்.

அதுதான் ஒரு மாதிரி இருக்குதுங்க, பன்னண்டு நாளா. வேற ஒண்ணுமில்ல. இன்னைக்குக்கூட காந்திபுரத்துல அந்த டிக்கெட்டு ஆபீஸ்ல சும்மா கேட்டு வெப்பம்னுதான் போறேன், எந்த மாசம், எந்தத் தேதின்னு. போறதுன்னு முடிவெல்லாம் இல்லை. கேக்கறவளுக்குப் பதில் சொல்லோணுமில்ல? லைல வேற நம்ப முடியாது, சூப்ப வெச்சுட்டு உக்காந்தாலும் உக்காந்திருப்பாரு. ஆனா ஒண்ணு, அந்த விசிலு கதைய மட்டும் நான் ஒத்துக்க மாட்டேனுங்க. விசிலு எவ்வளவு நேரம்? ஒரு நொடி. அதுக்குள்ள ஒரு முழு வார்த்தை முழுங்கிப் போகுமா? கண்டக்டர் வேலை பாக்காதவங்க வேணும்னா நம்புவாங்க.

அடடே, கோயில்பாளையம் வந்திருச்சு! பேசிட்டே வந்ததுல தெரியவே இல்லை. பையெல்லாம் எடுத்துக்கிட்டீங்களா? கொடை, கொடை அங்க இருக்குது. கண்டக்டர் தம்பி, ஆளு எறங்கறாரு, பாத்து! மெதுவா எறங்குங்க, அவசரமில்ல. சரிங்க, சரிங்க. பாத்துப் போங்க. என்னங்க?

என்ன சொன்னீங்க? கேக்கலீங்க! இவன் விசிலு ஊதிட்டான், கேக்கல! வாயி அசையறது தெரியுது, ஆனா… “போ”ன்னு ஆரம்பிச்சாரே, அப்பறம் என்ன சொன்னாரு?

தம்பி, ஒரு விசிலு ஊதப்பா! நிறுத்தச் சொல்லு! ஒண்ணும் தொலையல, ஒண்ணும் மறக்கல. அந்தாளு என்னமோ சொன்னாருப்பா, எனக்குக் கேக்கல. சித்தே நிறுத்து, என்னன்னு கேட்டுட்டுப் போயிரலாம்.